பத்த வெச்சவங்கதான் முதல்ல ஏறணும்

இந்த ஸ்டேஷன் நாற்காலி ஆடுகிறது ஐயா. பின்காலைப் பற்றவைத்தவருக்கு ஏதோ அவசரம் போலிருக்கிறது. நான் நின்றுகொண்டே சொல்கிறேனே. நேற்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்கார வரவில்லை.

அண்ணன்தான் அப்படி. அவனுக்குக் காலில் சக்கரம், கையில் அதைவிடப் பெரிய சக்கரம். மிக் வெல்டிங்குக்கு அது ஆகாது. கம்பி தானாக வந்துகொண்டே இருக்கும்; நாம் பதறக்கூடாது. முழங்கையை எதிலாவது ஊன்றி, இரண்டு கையாலும் கம்பி வருகிற டார்ச்சைப் பிடித்து, விசையை அழுத்தாமல் ஒருமுறை வெறுமனே ஓட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். கொஞ்சமாகச் சாய்க்க வேண்டும். கம்பி விரல்நகம் அளவுக்கு வெளியே நின்றால் போதும். பிறகு காதைக் கொடுக்க வேண்டும். எண்ணெய் பொரிகிற மாதிரி ஒரே சீராகச் சத்தம் வந்தால் சரி. படபடவென்று வெடித்தால் கை தப்புகிறது என்று அர்த்தம். அண்ணனுக்கு எப்போதும் வெடிக்கும். அதனால் பட்டறையில் பற்றவைப்பது நான், வெளியே பேசுவது அவன்.

அதில் எனக்கு வருத்தமில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் அப்பா வைத்த வழக்கம் ஒன்று உண்டு. ஏணியோ படியோ, பற்றவைத்தவர்தான் முதலில் ஏறி நிற்க வேண்டும். அப்பா போன பிறகு அண்ணன் ஏறுவான். ஒரு குதி குதித்தும் காட்டுவான். "என் கைவேலை, யானையே ஏறலாம்" என்பான். நான் கீழே இரும்பு தேய்க்கிற கிரைண்டரைத் துடைத்துக்கொண்டு நிற்பேன்.

போன மாதம் அண்ணியின் தம்பியை வேலைக்கு எடுத்துவிட்டதாகச் சொன்னான். எனக்குக் கண் போய்விடுமாம். இனி வீட்டில் அண்ணிக்கு ஒத்தாசையாக இருக்கலாமாம். பாசமாகத்தான் சொன்னான். கிடங்குக்காரர் தன் கிடங்கின் வெளிச்சுவரில் மாட்டக் கேட்டிருந்த மாடிப்படி மேடைதான் எனக்குக் கடைசி வேலை. அதையாவது என் வேலை என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லேன் என்றேன். சிரித்தான்.

"யார் பத்த வெச்சா என்ன பாப்பா? நிக்குதா, அதைப் பாரு."

நியாயமான பேச்சு. நானும் யோசித்தேன்.

அந்த மின்விசிறியை நிறுத்தலாமா? சத்தம் சீராக இல்லை.

நெருப்பு, உருகிய குழம்பின் முன்விளிம்பில் இருக்க வேண்டும் ஐயா. அப்போதுதான் அடித்தகடும் சேர்ந்து உருகும். டார்ச்சைக் கொஞ்சம் பின்தங்க விட்டால் குழம்பு முன்னே ஓடி, சூடேறாத தகட்டின்மேல் சும்மா படுத்துக்கொள்ளும். ஒட்டாது. மேலே பார்த்தால் மீன் செதில் மாதிரி அழகாக இருக்கும். தெரியாதவர்கள் தவறிச் செய்வதை நான் தெரிந்து செய்தேன். சுலபமென்று நினைக்காதீர்கள், பழகின கை கேட்கவே மாட்டேன் என்றது. மேடையைத் தாங்கும் முட்டுகளின் ஓரங்களை மட்டும் நன்றாகப் பிடித்துவிட்டேன். தூக்கி மாட்டும்போது கூலியாட்கள் தலையில் விழக்கூடாது பாருங்கள். பிள்ளைகுட்டிக்காரர்கள்.

நேற்று மூன்றாவது மாடிக் கதவைத் திறந்ததும் கிடங்குக்காரர் ஆசையாக மேடையில் கால்வைக்கப் போனார். நான்தான் கையை நீட்டி மறித்தேன்.

"இருங்க. பத்த வெச்சவங்கதான் முதல்ல ஏறணும். எங்க வீட்டு வழக்கம்."

"அப்படியா? யாரு பத்த வெச்சது?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நானும் அவனைப் பார்த்தேன். அவசரப்படுத்தவில்லை. சொல்ல அவனுக்கு நேரம் இருந்தது.

"நான்தாங்க. வேற யாரு?"

ஏறினான். வழக்கம்போல ஒரு குதி குதித்தான்.

எல்லோரும் கீழே ஓடினார்கள். நான் கதவோரம் மண்டியிட்டு, முறிந்த இடத்தைப் பார்த்தேன். தகட்டில் பற்றவைக்கும் முன் நான் கிரைண்டர் போட்ட கோடுகூட உருகி அழியாமல் அப்படியே இருந்தது. அழுகிறேன் என்று நினைத்து யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். குடித்தேன். டம்ளரைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஆகவே, நான் மறைக்கவில்லை. விழும்படி செய்தது நான். ஆனால் அவனுக்கு ஒரு வழி வைத்துத்தான் செய்தேன். தங்கச்சி வேலை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் இந்நேரம் பட்டறையில் கத்திக்கொண்டிருப்பான். அவனைக் கொன்றது அவன் வாய்.

என்ன கேட்டீர்கள்? அப்படிச் சொல்லியிருந்தால் நான் ஏறியிருப்பேனா என்றா?

எதற்கு ஏற வேண்டும்? கொஞ்சம் பொறுங்க, ஒரு ஓட்டு பத்த வைக்கப் பாக்கி இருக்கு என்று சொல்லி, கழற்றி இறக்கி, ஒழுங்காகப் பற்றவைத்துக் கொடுத்திருப்பேன். என் பேர் சொன்ன பிறகு, அப்படி ஒரு வேலையை நான் விடுவேனா?