இருபத்தேழாம் பக்கம்

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! மேடை என்று சொன்னதைக் கேட்டால் பிரெடா அம்மையார் சிரித்திருப்பார். ஐந்து பீர்ப் பெட்டிகளைக் கவிழ்த்து மேலே பலகை போட்டிருக்கிறோம், அவ்வளவுதான். அவருக்கான இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓவியர் சங்கத் தலைவர் மரியான் அவர்களே! இந்த மூடுபனியில் ல்யுப்லியானா நகரின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் வந்து சேர்ந்திருக்கும் சிற்றிதழ்க்காரர்களே, காமிக்ஸ் வரைபவர்களே, ஜெராக்ஸ் இயந்திரத்தோடு மல்லுக்கட்டியே இளமையைத் தொலைத்தவர்களே! மூன்றாம் வரிசையில் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஸ்டென்கா அம்மா அவர்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் கொராஸ்த். ஸ்பொன்கா புத்தகக் கடையில் இருபத்திரண்டு வருடமாகக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவன். எனக்கு மேடைப் பேச்சு வராது. ஆனால் இன்று நான் பேசாவிட்டால் இனி எப்போது பேசுவேன்?

பிரெடா கோஸ்மாச் அம்மையார் யார்? அந்தக் கடையை நடத்தியவர், உங்களில் பாதிப் பேருடைய முதல் இதழை வாங்கி வைத்தவர். எட்டுப் பக்கமோ எண்பது பக்கமோ, கோணல் மாணலாகப் பின் அடித்ததோ, எழுத்தே தெரியாமல் ஜெராக்ஸ் எடுத்ததோ, அவர் எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை! தன் பல்வலியைப் பற்றி மட்டுமே நாற்பது இதழ் போட்டாரே ஒருவர், ஞாபகம் இருக்கிறதா? நான் அதை மேஜைக்குக் கீழே தள்ளினேன். அம்மையார் எடுத்துக் கண்ணாடி ஜன்னலில் வைத்தார்.

"அக்கா, இதை எவன் படிப்பான்?" என்றேன்.

"பல்வலி வந்தவன் படிப்பான். உனக்கு வராமலா போயிரும்? போ, போய் வேலையைப் பாரு" என்றார்.

அதற்கு அடுத்த மாதமே எனக்குக் கடைவாய்ப் பல் போயிற்று. நாற்பது இதழையும் படித்தேன். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அவருக்குப் பிடிக்கும்.

அவரிடம் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. எந்த இதழாக இருந்தாலும் அதன் கடைசிப் பிரதி விற்பனைக்கு இல்லை. அதில் சிவப்பு நூல் கட்டிப் பின்சுவர் ஆணியில் தொங்க விடுவார். யாரும் வந்து நின்று படிக்கலாம். எடுத்துப் போக முடியாது. ஏறத்தாழ அறுநூறு சிவப்பு நூல்கள் அந்தச் சுவரில் தொங்குகின்றன. அந்த இதழ்களைப் போட்டவர்களில் பாதிப் பேர் வரைவதை விட்டுவிட்டார்கள். சிலர் உலகத்தையே விட்டுவிட்டார்கள்.

அப்படி ஒருவன் ததேய். இருபத்து மூன்று வயது. தபால் கொடுக்கும் கரடி ஒன்று சைக்கிளில் பனிக்குள்ளே ஒரு வீட்டைத் தேடிக்கொண்டே போகும் கதை வரைந்தான். பதினாறு பக்கம். கரடி பாலத்துக்கு வந்ததோடு இதழ் முடியும். மீதி அடுத்த இதழில் வரவேண்டும். அந்த இதழ் வரவில்லை. நவம்பரில் ஒரு காலையில் இதேபோன்ற பனியில் அவனுடைய சைக்கிள்மேல் லாரி ஏறிவிட்டது. அவனுடைய அம்மாதான் ஸ்டென்கா அம்மா. அந்த வருடத்திலிருந்து வியாழக்கிழமை தோறும் மூன்று மணிக்கு வருவார். ஆணியிலிருந்து மகனின் இதழை எடுப்பார், நின்றபடியே பதினாறு பக்கமும் படிப்பார், மாட்டிவிட்டுப் போவார். வீட்டில் ஒரு பிரதிகூட இல்லை. அவனுடைய அப்பா எல்லாவற்றையும் அடுப்பில் போட்டுவிட்டார். கோபத்தில் அல்ல, பார்க்கத் தாங்காமல்.

இனி சொல்லப்போவதை ஸ்டென்கா அம்மாவிடம் அனுமதி கேட்டுத்தான் சொல்கிறேன். "சொல்லு. நான் அழுவேன்னு மட்டும் எவன்கிட்டயும் சொல்லாத" என்றார். ஆகையால் அவர் அழவில்லை. எல்லோரும் முன்னால் பாருங்கள்.

பதினோரு வருடத்துக்கு முன்பு ட்ரியெஸ்டே சிற்றிதழ்ச் சந்தைக்குப் போனேன். காட்சிக்கு வைக்கக் கடைசிப் பிரதிகள் சிலவற்றை நூலோடு எடுத்துப் போயிருந்தேன். சந்தையில் நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும்: என் இதழை நீ எடுத்துக்கொள், உன் இதழை நான் எடுத்துக்கொள்கிறேன். ஒரு வழிப்போக்கன் கையில் ஐந்து நிறத்தில் ஸ்கிரீன் பிரிண்ட் போட்ட தடித்த காமிக்ஸ் ஒன்றைப் பார்த்தேன். அவன் கரடியைக் காட்டினான். கொடுத்துவிட்டேன். கைதவறி மாறிப் போய்விட்டது என்று பதினோரு வருடமாகச் சொல்லி வந்தேன். பிரெடா அம்மையாரிடமும் அதையேதான் சொன்னேன். கை தவறவில்லை, நண்பர்களே! கடைசிப் பிரதி என்று தெரிந்தேதான் கொடுத்தேன். நானேதான் அந்தச் சிவப்பு நூலை அவிழ்த்தேன். ஆசை! வேறென்ன சொல்ல?

அம்மையார் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். காலி ஆணியைப் பார்த்துக்கொண்டே நின்றார். "இன்னிக்கு என்ன கிழமை?" என்று மட்டும் கேட்டார். திங்கள் என்றேன். "மூணு நாள் இருக்கு" என்றார்.

இளமையில் வரைந்தவர்தான், ஆனால் முப்பது வருடமாகப் பேனா தொடாதவர்! மூன்று நாள் பின்னறையில் உட்கார்ந்து பதினாறு பக்கத்தையும் ஞாபகத்திலிருந்து வரைந்தார். ஒன்பதாம் பக்கம் மட்டும் அவருக்கும் நினைவில்லை, எனக்கும் நினைவில்லை. ஏதோ ஒன்றைத் தானாகவே வரைந்து வைத்தார். ஜெராக்ஸ் எடுத்து, பின் அடித்து, பழுப்பேறத் தேயிலைத் தண்ணீர் தடவி, நூல் கட்டி மாட்டினோம்.

வியாழக்கிழமை மூன்று மணி. ஸ்டென்கா அம்மா வந்தார், எடுத்தார், புரட்டினார். ஒன்பதாம் பக்கத்தில் நின்றுவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது.

"இது நான் பார்த்ததே இல்லையே."

"ரெண்டு பக்கம் ஒட்டிட்டு இருந்திருக்கும்" என்றார் அம்மையார்.

"ம்ம். ஒட்டிட்டு இருந்திருக்கும்" என்றார் இவரும்.

அன்றுதான் முதன்முதலாக இருவரும் காப்பி குடித்தார்கள். அன்றுதான் ஸ்டென்கா அம்மா மகனைப் பற்றிப் பேசினார். அவன் நாய்க்குப் பயப்படுவான், பாலத்தில் போகும்போது விசில் அடிப்பான் என்றெல்லாம். அடுத்த நவம்பரில், கல்லறைகளில் விளக்கேற்றும் நாளுக்கு முன்னால், அம்மையார் பதினேழாம் பக்கத்தை வரைந்து, ஜெராக்ஸ் எடுத்து ஒட்டினார். பாலத்தில் கரடி விசில் அடித்துக்கொண்டு போயிற்று. ஸ்டென்கா அம்மா படித்தார், ஒன்றும் கேட்கவில்லை. அதற்கடுத்த நவம்பரில் ஒரு நாய் வந்தது. கரடி சைக்கிளை விட்டு ஓடியது. இப்படி வருடத்துக்கு ஒரு பக்கம், பத்து வருடம். பதினாறும் பத்தும் இருபத்தாறு. இந்தக் கணக்கை மறந்துவிடாதீர்கள்.

போன மாதம் அம்மையார் மருத்துவமனையில் கிடந்தார். இந்த வருடத்துப் பக்கத்தைப் படுக்கையிலேயே வரைகிறேன், இதழைக் கொண்டு வா என்றார். கொண்டு போனேன். கடைசிவரை புரட்டினார்.

"ஏண்டா கொராஸ்து, இருபத்தேழை நீயே போட்டுட்டியா? நல்லாத்தான் வரைஞ்சிருக்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"அக்கா, எனக்கு நேராக் கோடு கூடப் போட வராது. நான் எங்க வரையறது?"

"பொய் சொல்லாத, படவா" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மற்றவை எல்லாம் ஜெராக்ஸ்; இது ஒன்றுமட்டும் நேராக மையில் வரைந்தது.

"அப்ப யாருடா?" என்றார்.

அதற்குப் பிறகு மூன்று நாள்தான் இருந்தார். அந்தக் கேள்வியோடுதான் போனார்.

அடக்கம் முடிந்த மறு வியாழக்கிழமை மூன்று மணிக்கு ஸ்டென்கா அம்மா வந்தார். மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன்: ட்ரியெஸ்டே, பேராசை, தேயிலைத் தண்ணீர், பத்துப் பக்கம். அவர் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"தெரியும்" என்றார்.

"தெரியுமா? எப்பத்திலேருந்து?"

"முதல் வியாழக்கிழமையே. நிழலுக்குப் போடற கோட்டைப் பாரு. பிரெடாவோட கோடெல்லாம் இப்படிச் சாயும். ததேய் இடதுகைக்காரன். அவன் கோடு அந்தப் பக்கமாச் சாயும். பெத்தவளுக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏம்மா ஒண்ணும் சொல்லல?"

"எங்க வீட்டுல அவன் பேரையே யாரும் எடுக்கறதில்ல. இங்க ஒருத்தி வருஷம் பூரா அவனையே நினைச்சு உட்காந்து வரையறா. அதைப் போட்டு உடைக்க எனக்கென்ன பைத்தியமா?"

பிறகு அவரே இதழின் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். என் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தார். "இதைப் பாரு" என்றார்.

நண்பர்களே, கோடுகள் அந்தப் பக்கமாகச் சாய்ந்திருந்தன! ஓரத்தில் ஈர மையை உள்ளங்கை இழுத்த கறை; இடது கையால் எழுதுகிறவர்களின் தாளில் விழுமே, அதே கறை. கரடி ஒரு வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. சைக்கிள் சுவரில் சாய்ந்திருக்கிறது. அடுக்களை ஜன்னலில் கைப்பிடி உடைந்த ஒரு நீலக் கோப்பை, அதில் பீன்ஸ் விதை.

"அந்தக் கோப்பை எங்க வீட்டு ஜன்னல்ல இருக்கு. பிரெடா எங்க வீட்டு வாசப்படி மிதிச்சதில்ல. கோப்பையைப் பத்தி நான் யார்கிட்டயும் சொன்னதும் இல்ல" என்றார் ஸ்டென்கா அம்மா.

நீங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. இந்த அம்மாவே வரைந்திருப்பார் என்கிறீர்கள். முடக்குவாதத்தில் அவர் விரல்கள் மடங்கி ஒன்பது வருடம் ஆகிறது. கோட்டுப் பொத்தானைப் போட்டுவிடுவதே நான்தான். சாகக் கிடந்தவர் இடது கையால் வரைந்தார் என்கிறீர்களா? அப்படியானால் அந்தக் கோப்பையை அவருக்கு யார் சொன்னது? விடிய விடிய யோசித்துவிட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது. பயம் என்று சொல்ல வெட்கமும் இல்லை. அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி இப்போதெல்லாம் என்னால் உட்கார முடிவதில்லை.

பிரெடா அம்மையாரே! உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் உங்கள் வேலையை விடமாட்டேன். வருகிற எந்த இதழையும் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். எவ்வளவு நிறத்தில் எதைக் காட்டினாலும் இனி ஒரு சிவப்பு நூலையும் அவிழ்க்கமாட்டேன். வியாழக்கிழமை மூன்று மணிக்குக் கடை திறந்திருக்கும், காப்பி சூடாக இருக்கும். இந்தச் சபை சாட்சியாகச் சொல்கிறேன்.

எனக்கு வரைய வராது. ஆகையால் நேற்று அந்த இதழில் இருபத்தெட்டாவதாக ஒரு வெற்றுத் தாளை ஒட்டினேன். மாட்டுவதற்கு முன் அதைப் பின்னறை மேஜையில் விரித்து, மைக்கூட்டைத் திறந்து, அம்மையாரின் பேனாவைத் தாளுக்கு வலது பக்கம் வைத்தேன். ஸ்டென்கா அம்மா பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தன் கைப்பையைத் திறந்து, துணியில் சுற்றியிருந்த பழைய பேனா ஒன்றை எடுத்து, மடங்கிய விரல்களால் மெல்லத் தாளுக்கு இடது பக்கம் வைத்தார்.

"ரெண்டு பேருக்கும் வேணும்ல" என்றார்.