சுகிர்தாவுக்குக் குரல் கொடுத்தவள்

டேக்கா சந்தைக்குப் பக்கத்திலேயே குடியிருப்பதில் ஒரு வசதி உண்டு, ஆபீசர். மீனோ முருங்கைக்காயோ, நினைத்த நேரத்தில் இறங்கி வாங்கிக்கொண்டு வரலாம். முப்பது வருடமாக அந்த வீட்டில் இருக்கிறேன். பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று ஊரே கேட்டு முடித்துவிட்டது, நீங்களும் கேட்க வேண்டாம்.

என் தங்கை சுகிர்தா, கணவர் இறந்த பிறகு என்னோடு வந்து தங்கினாள். அவளுடைய ஒரே மகன் சுஜீந்திரன் அப்போது ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் வேலையில் இருந்தான். போன வருடம் தைப்பூசம் முடிந்த வாரத்தில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின, பேச்சும் போயிற்று. எதிரில் இருப்பவர் சொல்வதெல்லாம் அவளுக்கு நன்றாகப் புரியும். திருப்பிச் சொல்லத்தான் வராது. அதற்கு முன் வாய் ஓயாமல் பேசுகிறவள்.

மருத்துவமனையின் பேச்சுப் பயிற்சியாளர் லக்ஷனா ஒரு டேப்லெட்டை இரவலாகக் கொடுத்தாள். வரிசை வரிசையாகப் படங்கள் இருக்கும், ஒன்றைத் தொட்டால் அது பேசும். அதில் வந்த தமிழ்க் குரல் வானொலிச் செய்தி மாதிரி இருந்தது. 'எனக்கு வலிக்கிறது' என்று அது சொன்னதும் சுகிர்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே குரல். தொலைபேசியில் அவள் கணவரே எத்தனையோ தடவை ஏமாந்திருக்கிறார்.

"ஆன்ட்டி, நீங்களே ரெக்கார்ட் பண்ணிடுங்க. அவங்க பேசற மாதிரியே இருக்கும் லா" என்றாள் லக்ஷனா. ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து அத்தனை படங்களுக்கும் நானே பேசினேன். எப்படி மாற்றிப் பதிவு செய்வது என்றும் அன்றைக்கே சொல்லிக் கொடுத்தாள்.

இன்னொன்றும் சொன்னாள். "அவங்க தலையாட்டுறத நம்பாதீங்க. யெஸ், நோ ரெண்டும் மாறி மாறி வருது. டேப்லெட்ல எதத் தொடுறாங்களோ அத மட்டும் எடுத்துக்குங்க." இந்த வியாதியில் காரணமில்லாமல் அழுகை வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டையும் தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். சொன்னதைச் சொன்னபடி செய்து பழகியவள் நான்.

முதலில் மாற்றியது தோசைப் படத்தை. அவளுக்கு விழுங்கச் சிரமம், கஞ்சிதான் கொடுக்க வேண்டும். யார் வந்தாலும் தோசையைத் தொடுவாள். பக்கத்து வீட்டு ரஞ்சன் இரக்கப்பட்டு வாங்கியே வந்துவிட்டார். அதனால் அந்தப் படத்தில் 'கஞ்சி போதும்' என்று பதிவு செய்தேன். சுகிர்தா அதைத் தொட்டாள், கேட்டாள், என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் கஞ்சியை ஊட்டினேன். அவளுடைய நன்மைக்குத்தான் செய்தேன். இதை நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

ஜூலை மாதம் சுஜி வேலையை மாற்றிக்கொண்டு சிங்கப்பூருக்கே திரும்பி வந்தான். உட்லண்ட்ஸில் வீடு வாங்கி, அம்மாவுக்கென்று ஓர் அறையையும் தயார் செய்திருந்தான். "ஞாயித்துக்கெழம வந்து அம்மாவையே கேக்கறேன் பெரியம்மா. அவங்க ஓகேன்னா கூட்டிட்டுப் போறேன். நீங்க இனிமே ரெஸ்ட் எடுங்க" என்று போனில் சொன்னான்.

ஆறு மாதம் அவளைக் குளிப்பாட்டி, பேம்பர்ஸ் மாற்றி, மணிக்கணக்கில் உட்கார்ந்து ஊட்டியவள் நான். அவளைக் கேட்பானாம். என்னை ரெஸ்ட் எடுக்கச் சொல்கிறான். வயிறு எரிந்தது, ஆபீசர், மறைப்பானேன். சின்ன வயதிலிருந்து எல்லாமே அவளைத்தான் கேட்டார்கள். என்ன நிறத்தில் சட்டை வேண்டும், எந்தப் பையனைப் பிடித்திருக்கிறது என்று. என்னிடம் எதையும் கேட்டதில்லை, சொல்வார்கள்.

டேப்லெட்டில் சுஜியின் போட்டோ ஒன்று இருந்தது. தொட்டால் 'சுஜி வீட்டுக்குப் போகணும்' என்று பேசும். சனிக்கிழமை அதை மாற்றினேன்.

மறுநாள் சுஜி அவள் முன்னால் மண்டியிட்டு, "எங்ககூட வர்றீங்களாம்மா?" என்று கேட்டான். இடது கையை நீட்டி அவன் போட்டோவைத் தொட்டாள். "நான் அக்காகிட்டயே இருக்கேன்" என்றது டேப்லெட். திரும்பவும் தொட்டாள். அதையே சொன்னது. தலையை வேகமாக ஆட்டினாள், வாய் கோணி அழுதாள். சுஜி என்னைப் பார்த்தான். நான் ஃபிரிட்ஜில் இருந்த தாளைக் காட்டினேன்.

"சரிம்மா. நான் கட்டாயப்படுத்தல" என்று அவள் கையைத் தடவிக்கொடுத்தான். அவன் செருப்பு மாட்டுகிற வரைக்கும் அவள் அந்தப் போட்டோவைத் தொட்டுக்கொண்டே இருந்தாள். அவனுக்கும் கண் கலங்கிவிட்டது. அம்மாவுக்குத் தன்மேல் ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டு போனான். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் திருத்தவில்லை.

பிறகு அவள் அந்தப் போட்டோ பக்கமே போகவில்லை. வலிப் படத்தைத் தொட ஆரம்பித்தாள். சிவப்புக் கட்டத்தில் ஒரு மனிதன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான். வலி எதுவும் கிடையாது, அது தந்திரம். மருத்துவமனைக்குப் போனால் அவர்களிடம் வேறு படப்பலகை இருக்கும், அதில் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். ஒரு தடவை ரஞ்சன் கேட்டுவிட்டு ஆம்புலன்சையே கூப்பிட்டுவிட்டார். பரிசோதித்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று சாயங்காலமே அனுப்பிவிட்டார்கள். லக்ஷனா அன்றைக்கு விடுப்பு. வீட்டுக்கு வந்ததும் அந்தப் படத்தையும் மாற்றினேன்.

அவள் சாவுக்குப் பிறகு டேப்லெட்டை மருத்துவமனையில் திருப்பிக் கொடுத்தேன். அடுத்தவருக்குக் கொடுக்குமுன் லக்ஷனா ஒவ்வொரு படமாகத் தொட்டுப் பார்த்திருக்கிறாள். அதனால்தான் நாம் இங்கே உட்கார்ந்திருக்கிறோம். ஏன் அழிக்காமல் கொடுத்தீர்கள் என்று கேட்கிறீர்கள். அழிக்க மனம் வரவில்லை. என் தங்கை கடைசியாகப் பேசியதெல்லாம் அதில்தானே இருந்தது.

அவள் இறந்த அன்றைக்கு வியாழக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். ரஞ்சன் ஏதோ பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவர் வாசலில் நின்றார். அறையிலிருந்து சுகிர்தாவின் டேப்லெட் பேசியது. "தூக்கம் வருது. கதவச் சாத்துங்க."

"சரி சரி, அவங்க தூங்கட்டும்" என்று ரஞ்சன் கிளம்பிவிட்டார்.

அறைக்குப் போனேன். அவள் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. உதடு நீலமாக இருந்தது. விடாமல் சிவப்புக் கட்டத்தைத் தொட்டுத் தொட்டு என்னையே பார்த்தாள். அது எந்தப் படம் என்று தெரியுமா என்கிறீர்கள். தெரியும். இந்தத் தடவை தந்திரமில்லை என்பதும் தெரிந்தது. போன் என் கையில்தான் இருந்தது.

ஆம்புலன்ஸ் வந்தால் அவளைக் கொண்டுபோய்விடுவார்கள், அங்கிருந்து உட்லண்ட்ஸ். டேப்லெட் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்து கஞ்சிக்கு அரிசி களைந்தேன். பன்னிரண்டு மணி வரைக்கும் அவள் குரல் கேட்டது.

சின்ன வயதிலிருந்தே அவள் கேட்டு நான் எதையும் செய்யாமல் இருந்தது கிடையாது, ஆபீசர்.