வாசலில் ஒரு நிமிஷம்

மகள்: அதெல்லாம் முடியாதுப்பா. நாளைக்கு கிளாஸ்ல வீட்டு வழக்கம் பத்தி முதல் ஆளா நான்தான் எழுந்து பேசணும்.

அப்பா: நம்ம வீட்டுக்குன்னு தனியா என்ன வழக்கம் இருக்கு? ஒண்ணும் இல்லன்னு சொல்லிடு.

மகள்: சொன்னேனே! மொத்த கிளாசும் சிரிச்சுது. மிஸ்தான், “ஏன் இல்ல? எந்த ரூமுக்குள்ள வந்தாலும் வாசல்ல ஒரு நிமிஷம் நிக்கிறியே, அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு வீட்ல கேட்டுட்டு வா”ன்னாங்க.

அப்பா: ஓ... அதுவா! அது உங்கம்மா பக்கத்து வழக்கம். அவளையே கேளு.

அம்மா: என்னது, எங்க பக்கமா? ஏங்க, அது உங்க வீட்டு வழக்கம்!

அப்பா: எங்க வீட்லயா? எங்கப்பா கதவை இடிச்சுத் தள்ளிக்கிட்டுல்ல உள்ள போவாரு!

அம்மா: விளையாடாதீங்க. உங்களுக்காகத்தான் பதினாறு வருஷமா மழையிலயும் வெயில்லயும் நிக்கிறேன்.

அப்பா: நான் மட்டும்? போன மாசம் நாய் துரத்துச்சே... அப்பகூட நின்னேன். பேண்ட் கிழிஞ்சதுதான் மிச்சம். எல்லாம் உன் மனசு நோகக் கூடாதேன்னு...

மகள்: ஐயோ! அப்ப இது யாரோடதுதான்? நான் நாளைக்கு என்னத்தைச் சொல்றது?

அம்மா: இவர்தான்டி ஆரம்பிச்சாரு. கல்யாணமாகி வந்த அன்னைக்கு, கதவைத் திறந்துட்டு அப்படியே நின்னாரு. சரி, இவங்க வீட்டு வழக்கம் போலன்னு மறுநாள் நானே நின்னேன்.

அப்பா: நீ நின்னதைப் பாத்துத்தானே நானும் நின்னேன்!

மகள்: இருங்க, இருங்க. முதல் நாள் ஏன்பா நின்னீங்க?

அப்பா: அது... கால் வலி.

மகள்: அப்பா!

அப்பா: கிளாஸ்ல சொல்ல மாட்டேன்னு சொல்லு.

மகள்: சொல்லத்தானே கேக்கறேன்!

அப்பா: ரெண்டு ரூம் இருக்குன்னு பொண்ணு வீட்ல சொல்லி வச்சிருந்தேன். இருந்தது ஒண்ணுதான். உள்ள வந்து பாத்ததும் உங்கம்மா திரும்பிப் போயிடுவாளோன்னு பயம்... காலே வரல, நின்னுட்டேன்.

மகள்: பாவம்பா... அம்மா, நீ என்ன சிரிக்கிற? அன்னைக்கு நீயும் பக்கத்துல நின்னியா?

அம்மா: நின்னேனே. கதவைத் திறந்ததுமே முழு வீடும் தெரிஞ்சுபோச்சு. போயிடலாமான்னுதான் நானும் யோசிச்சுக்கிட்டு நின்னேன்... இவரு உள்ள பாக்காம என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நிக்கிறாருடி. பாவமா இருந்துச்சு, உள்ள போயிட்டேன்.