ஆடிட் அம்மா போன ஊர்

ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் பஸ்ஸில், மகளை மடியில் வைத்திருந்த ஒரு பெண் என் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: "மறுபடியும் ஆடிட் வராதான்னு இருக்குங்க."

"ஆடிட்னா எல்லாரும் பயப்படுவாங்க. நீங்க என்னங்க, ஏங்குறீங்க?"

"இவளுக்குக் கால்ல பலம் இல்லீங்க. இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குப் பயிற்சி கொடுக்கத்தான் கவர்மென்ட் பணத்துல எங்க பக்கத்துல ஒரு ரூம் கட்டினாங்க. எப்பப் போனாலும் பூட்டுதான். செலவைச் சரிபாக்க ஆடிட் அம்மா வந்த அன்னிக்குத்தான் திறந்தாங்க. அந்தம்மா கட்டடத்தை மட்டும் பாத்துட்டுப் போகாம, இவளைக் கூப்பிட்டு அங்க இருந்த கம்பியைப் பிடிக்கச் சொன்னாங்க. இவ தானா எந்திரிச்சு நின்னா."

"அப்புறம்?"

"அவங்க கார் கிளம்பினதும் பூட்டிட்டாங்க. தினம் திறக்கணும்னு எழுதிட்டுப் போனாங்களாம். யார் கேக்குறா? அதான் கலெக்டர்கிட்ட மனு கொடுக்கப் போறோம்."

பஸ் காவிரிப் பாலம் ஏறியது. அதுவரை வெளியே பார்த்துக்கொண்டிருந்த சிறுமி திரும்பினாள்.

"ஆடிட் அம்மா இப்ப எங்கம்மா இருப்பாங்க?"

"வேற ஏதாவது ஊர்ல ஆடிட் பாத்துக்கிட்டு இருப்பாங்கடா."

"அப்ப இன்னிக்கு அந்த ஊர்ல திறந்திருக்கும்ல? அங்க போலாம்மா."