கிச்சாப் தாண்டுமா

ஜக்கரியா: அப்ப இன்னைக்கும் தாண்டுறது இல்லைங்கிற.

காப்ரியல்: இன்னைக்கும் இல்ல பாய்.

ஜக்கரியா: காரணம்?

காப்ரியல்: மண்ணு.

ஜக்கரியா: மண்ணுக்கு என்ன?

காப்ரியல்: ஈரம். காலு வழுக்கும்.

ஜக்கரியா: குவாலா சிலாங்கூர்ல மழ பேஞ்சு ஒம்பது நாளாச்சு. செம்பனத் தோட்டத்துப் பாரிட் வாய்க்கால்ல ஒரு சொட்டுத் தண்ணி ஓடல. ஒன் குதிரக் கொட்டகைக்குப் பின்னால மட்டும் ஈரமா?

காப்ரியல்: அடியில இருக்கு பாய். மேல தெரியாது.

தஸ்லிமா: அத்தா, தே தண்ணி ஆறுது.

ஜக்கரியா: ஆறட்டும். நீ பேசாத. நீ கையில கட்டப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கிறதாலதான் இவ்வளவும்.

தஸ்லிமா: நானா போட்டேன்? கிளினிக்ல போட்டாங்க.

ஜக்கரியா: பாத்ரூம்ல வழுக்கி விழுந்ததுக்கு வாய் வேற... காப்ரியலு, நான் வரிசையா சொல்றேன், நீ கேளு. மொதல்ல லாடம் சரியில்லன்ன. லாடக்காரன் வந்தான். அப்புறம் சேணம் சின்னதுன்ன. வேற சேணம் வந்திச்சு. அப்புறம் நோன்பு மாசம்ன.

காப்ரியல்: அது ஒங்களுக்காகச் சொன்னது.

ஜக்கரியா: குதிர நோன்பு வெச்சிச்சா?

தஸ்லிமா: அத்தா...

ஜக்கரியா: சிரிக்காத! ஆறு மாசம். ஆறு மாசமா என் குதிர வாக்கிங் போவுது. டாக்டர் சொன்ன சக்கர வியாதிக்காரன் மாதிரி, காலையில ஒரு ரவுண்டு, சாயங்காலம் ஒரு ரவுண்டு. கடையில அதோட படத்தப் பெருசா ஒட்டி வெச்சிருக்கேன். ரொட்டி சானாய் திங்க வர்றவனெல்லாம் என்ன கேக்குறான் தெரியுமா? "பாய், ஒங்க கிச்சாப் நல்லா நடக்குமாமே?"

காப்ரியல்: நல்லாத்தான நடக்குது.

ஜக்கரியா: என்னைக் கிண்டல் பண்றியா?

காப்ரியல்: இல்ல பாய். படம் ஒட்டச் சொன்னது யாரு?

ஜக்கரியா: என் கட. என் குதிர. நான் ஒட்டுவேன்.

காப்ரியல்: பேரும் நீங்கதான் வெச்சீங்க. குதிரைக்கு யாராவது கிச்சாப்னு வெப்பாங்களா.

ஜக்கரியா: போத்தல்ல இருக்கிற சோயா கிச்சாப் மாதிரியே கறுப்பு. பொருத்தமாத்தான் வெச்சேன். பேச்ச மாத்தாத. நாலு மணிக்கு நஜ்மி வர்றான்.

தஸ்லிமா: நஜ்மி அண்ணனா? எதுக்கு?

ஜக்கரியா: ஒனக்குக் கை சரியாவுற வரைக்கும் நான் காத்துக்கிட்டிருக்க முடியாது. வர்ற ஞாயித்துக்கிழம கெர்லிங்ல போட்டி. பேரு குடுத்தாச்சு. அவன் ஏறட்டும். இன்னைக்கு இங்க மூணு கம்பு தாண்டட்டும், அங்க போயி ஏழு கம்பு தாண்டட்டும்.

காப்ரியல்: நஜ்மின்னா... சுங்கை ஆயர் தாவார்ல இருக்காரே, ஒங்க அக்கா மகன்...

ஜக்கரியா: அவன்தான்.

காப்ரியல்: எண்பத்தெட்டு கிலோ பாய்!

ஜக்கரியா: நீ எட போட்டுப் பார்த்தியா?

காப்ரியல்: போன தடவ வந்தப்ப அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்தாரு. நாற்காலி எங்கன்னு கேளுங்க.

ஜக்கரியா: சின்ன வயசுல பள்ளிக்கூடம் விட்டதும் கிளப்புல குதிர ஓட்டப் போனவன். அவனுக்குத் தெரியும். கம்ப எடுத்து வை.

காப்ரியல்: வெக்க மாட்டேன்.

ஜக்கரியா: என்ன சொன்ன?

காப்ரியல்: வெக்க மாட்டேன் பாய். நீங்க வேற ஆளப் பார்த்துக்குங்க.

தஸ்லிமா: அங்கிள், இருங்க... அத்தா, ஒரு வாரம் பொறுத்தா என் கை...

ஜக்கரியா: நீ சும்மா இரு. யோவ், என்ன உசரம் அது? பெயிண்டு டின்னு மேல தண்ணிக் குழாய வெச்சிருக்கோம். என் முட்டிக்கு வருது. நானே தாண்டிருவேன்.

காப்ரியல்: தாண்டுங்க. சும்மா சொல்லாதீங்க. தாண்டுங்க, பார்ப்போம்.

தஸ்லிமா: ரெண்டு பேரும் நிறுத்துங்க லா. அதப் பாருங்க, காது ரெண்டையும் பின்னால மடிச்சிக்கிச்சு. நீங்க கத்துறது அதுக்குப் பிடிக்கல.

ஜக்கரியா: அதுக்கு என்ன பிடிக்கும், பிடிக்காதுன்னு ஆறு மாசமா கேட்டாச்சு. எனக்கு என்ன பிடிக்கும்னு யாராவது கேட்டீங்களா? காப்ரியலு, ஒரே ஒரு உண்மையான காரணம் சொல்லு. மண்ணு வேணாம், லாடம் வேணாம். உண்மையானது.

காப்ரியல்: சரி. வாங்க இப்பிடி. குனிங்க.

ஜக்கரியா: எதுக்கு?

காப்ரியல்: எடது முன்னங்காலு. முட்டியத் தொடுங்க.

ஜக்கரியா: ஒதைக்குமா?

காப்ரியல்: நான் பிடிச்சிருக்கேன், ஒதைக்காது. தொடுங்க.

ஜக்கரியா: சூடா இருக்கு. வெயில்ல நிக்குதுல்ல.

காப்ரியல்: இப்ப வலது காலத் தொடுங்க. ரெண்டும் ஒரே வெயில்லதான நிக்குது.

ஜக்கரியா: ...இது சில்லுனு இருக்கு.

காப்ரியல்: தெரிஞ்சுதா?

ஜக்கரியா: எப்பலேர்ந்து?

காப்ரியல்: மூணு வாரமாச்சு. ஒரு ஞாயித்துக்கிழம பூசைக்குப் போயிட்டு வர்றேன், காலத் தூக்கிக்கிட்டு நிக்குது. முட்டி இவ்வளவு வீங்கி... அன்னைலேர்ந்து தெனமும் மூணு வேளை குழாயப் பிடிச்சு தண்ணி அடிக்கிறேன். இப்ப எவ்வளவோ தேவல.

ஜக்கரியா: மூணு வாரமா எங்கிட்ட சொல்லல!

காப்ரியல்: சொன்னா குதிர டாக்டர வரச் சொல்வீங்க.

ஜக்கரியா: சொல்வேன். அதுல என்ன தப்பு? டாக்டர் வந்தா ஒனக்கென்ன கஷ்டம் காப்ரியலு?

தஸ்லிமா: அத்தா, கால்தான் சூடா இருக்கே. நஜ்மி அண்ணனுக்கு போன் போட்டு வரவேணாம்னு சொல்லிருங்க.

காப்ரியல்: நஜ்மிகிட்ட நானே கேக்கணும் பாய். வரட்டும் அவரு.

ஜக்கரியா: என்ன கேக்கணும்?

காப்ரியல்: அன்னைக்கு ஞாயித்துக்கிழம நான் இல்லாத நேரம் இத யாரோ தாண்ட வெச்சிருக்காங்க.

ஜக்கரியா: யாரு?

காப்ரியல்: அதத்தான் கேக்குறேன். அன்னைக்குக் கம்பா வெக்கிற குழாய் ஒண்ணு வெடிச்சிருந்திச்சு. வெடிச்சத எடுத்துட்டுப் போயி செம்பன மட்டைக்கு அடியில சொருகியிருந்தான். திருட்டுப் பய.

ஜக்கரியா: என்னைச் சொல்றியா?

காப்ரியல்: ஒங்க ஆளச் சொல்றேன். இன்னைக்கு வர்றவரு அன்னைக்கும் வந்திருக்கலாம்ல?

ஜக்கரியா: என் குதிரய என் ஆளு எதுக்குத் திருட்டுத்தனமா ஓட்டணும்? நான் பட்டப் பகல்ல ஒங்கிட்ட நின்னு கேட்டுக்கிட்டிருக்கேன்! எங்க வீட்டு ஆளத் திருடன்ங்கிற. என் சோத்தத் தின்னுட்டு...

காப்ரியல்: ஒங்க சோறு இல்ல பாய். நான் வேல பார்க்கிறேன்.

ஜக்கரியா: அஞ்சு வயசுக் குதிர! டாக்டர்கிட்ட போன்ல கேட்டேன். அஞ்சு வயசுன்னா எலும்பெல்லாம் முத்தியிருக்கும், முட்டி ஒசரத் தடுப்புன்னா வெளையாட்டு மாதிரி, தாராளமா தாண்டட்டும்னாரு. ஒரு தடவ தாண்டுனா முட்டி வீங்குற அளவுக்கு அது என்ன...

காப்ரியல்: அஞ்சுன்னா வீங்காது.

ஜக்கரியா: அதத்தான் நானும் சொல்றேன்! ஏன் அப்பிடிப் பார்க்குற?

தஸ்லிமா: காடிச் சத்தம் கேக்குது. நஜ்மி அண்ணன் வந்துட்டாரு.

ஜக்கரியா: வரட்டும். அவன் ஏறி ஒரே ஒரு கம்பு...

காப்ரியல்: ஏறக் கூடாது பாய்.

ஜக்கரியா: மறுபடியுமா?

காப்ரியல்: இத பிடிங்க.

ஜக்கரியா: என்னது... சட்டப் பையில கல்ல வெச்சிக்கிட்டு...

காப்ரியல்: கல்லு இல்ல. பல்லு. பத்து நாளைக்கு முன்னாடி தீனி வாளியில கெடந்திச்சு. கிச்சாப்போட பல்லு.

ஜக்கரியா: அய்யோ, பல்லுமா விழுந்திருச்சு? என்னதான் நோய் இதுக்கு?

காப்ரியல்: நோய் இல்ல. பால் பல்லு. முன்னாடி நடுப் பல்லு. ரெண்டர வயசுல விழும்.

ஜக்கரியா: அஞ்சு வயசுக்கு மேல எப்பிடி...

காப்ரியல்: அஞ்சு வயசுல எந்தக் குதிரைக்கும் வாயில பால் பல்லு இருக்காது பாய்.

தஸ்லிமா: அங்கிள்...

ஜக்கரியா: டேய் நஜ்மி! எறங்காத! காடிலயே இரு! ...இல்ல, வேணாம், சேணத்த எடுக்காத. கடைக்குப் போ. போயி தே குடி. நான் வர்றேன். போடா!

காப்ரியல்: நன்றி பாய்.

ஜக்கரியா: நன்றியா? எனக்கா? அம்பாங் பெச்சாவுல இத வாங்கப் போனப்ப என் கண்ணு முன்னால அதோட ஒதட்டத் தூக்கிப் பார்த்த. மேல பார்த்த, கீழ பார்த்த. வெரல விட்டுத் தடவுன. "அஞ்சு பாய், நல்ல அஞ்சு"ன்ன. நல்ல அஞ்சு! எனக்குக் குதிர வாயப் பத்தி என்ன தெரியும்? ஒனக்குத் தெரியும்னுதான ஒன்னக் கூட்டிட்டுப் போனேன்.

காப்ரியல்: தெரியும். அதனாலதான் பொய் சொல்ல முடிஞ்சுது.

ஜக்கரியா: வெக்கமா இல்ல?

காப்ரியல்: அந்தக் கொட்டக ஞாபகம் இருக்கா ஒங்களுக்கு? சாணியில கணுக்கால் வரைக்கும் புதைஞ்சு நின்னிச்சு. கழுத்துல கயிறு அறுத்த புண்ணு. வெளிய ஒரு ஆளு லோரியில சாஞ்சுக்கிட்டு சிகரெட் குடிச்சிக்கிட்டு நின்னான், நீங்க எப்ப வேணாம்னுவீங்கன்னு. கடற்கரையில குதிர மேல நாள் பூரா ஆளு ஏத்துறவன். நீங்க என்ன சொன்னீங்க? "அஞ்சு வயசு இல்லன்னா எனக்கு வேணாம், என் மக இந்த வருஷமே தாண்டணும்." காடிச் சாவிய கையில எடுத்துட்டீங்க.

ஜக்கரியா: அதுக்கு?

காப்ரியல்: அது என் சட்டைய மோந்துக்கிட்டு நின்னிச்சு பாய். நான் வாயத் தொறந்து பார்த்தேன். எல்லாமே பால் பல்லு. ஒண்ணுகூட விழல. அஞ்சுன்னேன்.

ஜக்கரியா: ரெண்டு வயசுக் குதிரய!

காப்ரியல்: ரேஸ் சாதி. ரெண்டுலயே இந்த ஒசரம் வந்துரும். பார்க்கிறவங்களுக்குத் தெரியாது.

ஜக்கரியா: எனக்குத் தெரியாதுன்னு சொல்லு. முட்டாப்பயன்னு சொல்லு. ஊர் பூரா படத்தக் காட்டி, பேரக் குடுத்து... நீ இங்க நின்னு மண்ணு, லாடம், நோன்புன்னு...

காப்ரியல்: என்னைய நிறுத்திருங்க. இன்னைக்கே போறேன். ஆனா நாலு வயசு முடியிற வரைக்கும் இத யாரும் தாண்ட விடாதீங்க. அது மட்டும்.

ஜக்கரியா: நீ எனக்குப் புத்தி சொல்ற எடத்துலயா இருக்க?

காப்ரியல்: இல்லதான். நான் பொய் சொன்னேன், ஒத்துக்கிறேன். ஆனா நான் அதுக்குக் கெடுதல் பண்ணல. நடக்க மட்டுந்தான் விட்டேன், அதுவும் தஸ்லிமாம்மா எடைக்கு மட்டும். ஆறு மாசமா கண்ணாடிச் சாமான் மாதிரி வெச்சிருந்தேன். இப்ப முட்டிய ஒடைச்சிருக்கான் ஒருத்தன். பச்சப்புள்ள பாய் அது. எலும்பு இன்னும் முத்தல. அது மேல உக்காந்து ஓட்டிட்டு, வலிக்குதுன்னு தெரிஞ்சும், குழாய ஒளிச்சு வெச்சிட்டுப் போயிருக்கான் பாருங்க... அவனெல்லாம் மனுசனா? அவன் மட்டும் என் கையில கெடைச்சான்...

தஸ்லிமா: அவன் இல்ல அங்கிள்.

காப்ரியல்: நீ ஒங்க அண்ணனுக்குப் பரிஞ்சு பேசாதம்மா.

தஸ்லிமா: நஜ்மி அண்ணன் அன்னைக்கு வரவே இல்ல.

ஜக்கரியா: ஒனக்கு எப்பிடித் தெரியும்?

தஸ்லிமா: நான் பாத்ரூம்ல விழல அத்தா.

ஜக்கரியா: ...என்ன?

தஸ்லிமா: மூணு தடவ அழகா தாண்டுச்சு. நாலாவது தடவ குழாய்ல கால் தட்டி, ரெண்டு பேரும் விழுந்தோம். அதுக்குக் காலு போயிருச்சோன்னுதான் மொதல்ல பயந்தேன், என் கைய நான் பார்க்கவே இல்ல. எழுந்து நின்னுருச்சு. சரியாத்தான் இருக்குன்னு நெனைச்சேன்.

ஜக்கரியா: யா அல்லாஹ்...

காப்ரியல்: ஏம்மா... ஏன்மா இப்பிடிப் பண்ணுன? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?

தஸ்லிமா: கேட்டேன் அங்கிள். முத நாளு, சனிக்கிழம சாயங்காலம். நீங்க இங்கதான் நின்னு அதுக்குத் தண்ணி காட்டிக்கிட்டிருந்தீங்க. "அங்கிள், கிச்சாப்புக்கு நெசமா என்ன வயசு"ன்னு கேட்டேன். அஞ்சுன்னீங்க.