ஆள் மாறிய மொட்டை

பெத்தவங்க எல்லாரும் வந்திருக்கீங்க, ரொம்ப சந்தோஷம். ஆனா நான் பேச ஆரம்பிச்சதும் ரெண்டு பேர் கொட்டாவி விட்டாச்சு. அதனால அறிவுரையை ஓரமா வச்சுட்டு, ஒரு வீட்டுல நடந்த கூத்தைச் சொல்றேன்... சின்னக் கதைதான். கேட்டுக்கோங்க.

பரமேஸ்வரன்னு ஒருத்தர். கரண்டு ஆபீஸ்ல லைன்மேன். அவருக்கு நாலு பிள்ளைங்க. நாலு! இங்க ஒண்ணை வச்சுக்கிட்டே நீங்க படுற பாடு எனக்குத் தெரியாதா? மூத்தது பொண்ணு, தேன்மொழி. அடுத்து கதிர், அடுத்து அன்பு, கடைசியா ஒரு கைக்குழந்தை. அந்த மனுஷன் ஒரு பிள்ளையைக் கூப்பிடணும்னா எப்படிக் கூப்பிடுவாரு தெரியுமா? "ஏ தேனு... டேய் கதிரு... அன்பு... அட, எவன்டா அவன், இங்க வாடா!" சிரிக்காதீங்க. உங்க வீட்டுலயும் இதான் நடக்குது.

இதுல கதிர் இருக்கானே... பயங்கர வாலு. தண்ணித் தொட்டியில ஏறுவான், பக்கத்து வீட்டுக் கோழியைத் துரத்துவான். அவனுக்குப் போன வருஷம் மஞ்சக்காமாலை வந்து பிழைச்சதே பெருசு. அவங்க அம்மா செல்வி அழுதுகிட்டே குலசாமிக்கு நேந்துகிட்டாங்க. "தாயே, எம்புள்ளை எந்திரிச்சிட்டா உன் வாசல்ல அவனுக்கு முடி இறக்குறேன்!"

பிள்ளை எந்திரிச்சான். குடும்பமே கோயிலுக்குக் கிளம்புச்சு. திருவிழாக் கூட்டத்துல பிள்ளைங்க தொலைஞ்சு போயிடக் கூடாதே... செல்வி என்ன பண்ணாங்க? ஒரே துணியில வெட்டி, பையனுங்களுக்கு ஒரே மாதிரி நீலக் கட்டம் போட்ட சட்டை தைச்சுட்டாங்க. நல்ல யோசனைதான... அங்கதான் வந்துது வினை.

முடி இறக்குற கொட்டகையில செம கூட்டம். "அடுத்த ஆளு வாங்க!"ன்னு சத்தம். நம்ம ஆளு பதறிப் போய் ஒரு நீலச் சட்டையைக் கொத்தாப் பிடிச்சாரு. இழுத்தாரு. மடியில உக்கார வச்சாரு. நாவிதர் சொம்புத் தண்ணியைத் தலையில ஊத்தி, "சார், தலையை நல்லாக் குனிய வச்சுப் பிடிங்க"ன்னாரு. இவரும் ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டாரு. குனிஞ்ச தலையில மூஞ்சி தெரியுமா? உச்சந்தலைதான் தெரியும்!

கத்தி இறங்குது. பிள்ளை மூச்சு விடல. நாவிதருக்கே ஆச்சரியம். "காலையில இருந்து என் கையைக் கடிக்காத பிள்ளை இதான் சார். எப்படி சார் வளர்த்தீங்க?" நம்ம ஆளுக்குப் பெருமை தாங்கல. "எல்லாம் கண்டிப்புதாங்க!" மனசுக்குள்ள, "நம்ம கதிரா இது... ஆத்தா, உன் சக்தியே சக்தி!"

மொட்டை முடிஞ்சுது. செல்வி வர்றாங்க. இடுப்புல கைக்குழந்தை. ஒரு கையில தேன்மொழி. சேலையைப் பிடிச்சுக்கிட்டு, வாயெல்லாம் பஞ்சுமிட்டாய் அப்பிக்கிட்டு... தலை நிறைய முடியோட... கதிர்!

"என்னங்க... யாருக்குங்க மொட்டை போட்டீங்க?"

"கதிருக்குத்தான்."

"கதிரு இந்தா நிக்கிறானே!"

அப்பதான் அவரு குனிஞ்சு மூஞ்சியைப் பாக்குறாரு. மூணாவது பிள்ளை. அன்பு!

"ஐயோ, சாமிக்கே ஆள் மாத்திக் குடுத்துட்டீங்களே!"

"விடு செல்வி. ரெண்டும் ஒரே ரத்தம்தான... ஆத்தா அனுசரிச்சுக்குவா."

"உங்க பரீட்சையை உங்க தம்பி எழுதினா பாஸ் போடுவாங்களா?"

சொல்லும்போதே செல்விக்கு அழுகை வந்துருச்சு. காமாலை திரும்பி வந்துருமோன்னு அந்தத் தாய்க்குப் பயம். அந்தப் பயத்துல சின்னவன் மேல பாய்ஞ்சாங்க. "ஏண்டா, உனக்கு வாய் இல்ல? எனக்கில்ல, அண்ணனுக்குன்னு சொல்ல வேண்டியதுதான?"

அன்பு சந்தனம் பூசுன தலையைத் தடவிக்கிட்டே சொன்னான்... "தெரியும்மா. ஆனா அப்பா என்னை மடியில வச்சிருந்தாரு... சொன்னா எறக்கி விட்டுட்டு அண்ணனைத் தூக்கிருவாருல்ல?"

...

கொட்டகையில அத்தனை சத்தம். அந்த அப்பாவுக்கு ஒண்ணுமே கேக்கல. இந்தப் பிள்ளையைக் கடைசியா எப்ப மடியில வச்சோம்? யோசிச்சுப் பாத்தாரு... ஞாபகம் வரல.

அதுக்குள்ள கதிர், தம்பியோட மொட்டையைப் பாத்தான் பாருங்க... எடுத்தான் ஓட்டம்! "பிடிங்க அவனை!"ன்னு செல்வி கத்துறாங்க. பரமேஸ்வரன் ஓடுறாரு. எப்படி ஓடுறாரு? அன்பை இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டே ஓடுறாரு! "அவனை எறக்கி விட்டுட்டு ஓடுங்க, மூச்சு வாங்குதுல்ல!"ன்னு செல்வி சொல்றாங்க. மனுஷன் இறக்கவே இல்லையே! தேர்க்காலுக்குப் பின்னாடி கதிரை மடக்கி, அலற அலற மொட்டை போட்டு, வேண்டுதலும் நிறைவேறுச்சு.

இப்ப உங்ககிட்ட கேக்குறேன். உங்க வீட்டுல ஒரு பிள்ளை தட்டை உடைக்குது, ஒண்ணு உருண்டு புரண்டு அழுகுது... நாள் பூரா அதுங்க பின்னாடியே ஓடுறீங்க. தப்பில்ல, ஓடித்தான் ஆகணும். ஆனா ஒரு மூலையில ஒண்ணு, பேசாம, தானே சாப்பிட்டு, தானே பையை எடுத்து வச்சுட்டு உக்காந்திருக்கு. அதைப் பத்தி நாம என்ன சொல்றோம்? "அவன் தங்கம்ங்க. அவனைப் பத்தி எனக்குக் கவலையே இல்ல!"

கவலை வேண்டாம். மடி வேண்டாமா?

தொல்லை குடுக்காத பிள்ளை, தேவையே இல்லாத பிள்ளை இல்லைங்க. அது கேக்காது. கேட்டுப் பழக்கமில்ல. நீங்க தெரியாம தொட்டாக்கூட, தன் தலைமுடியைக் குடுத்துட்டு உக்காந்திருக்கும். இன்னைக்கு வீட்டுக்குப் போனதும்... எந்த வேண்டுதலும் இல்லாம, எந்தக் காரணமும் இல்லாம, அந்தப் பிள்ளையைத் தூக்கி மடியில வச்சுக்கோங்க. மூஞ்சியைப் பாத்து, சரியான பேரைச் சொல்லிக் கூப்பிட்டு வச்சுக்கோங்க.