கொதிக்கவைக்கத் தேவையில்லை

முதலில் தேத்தண்ணிக்கு நன்றி, மாத்தயா. பெல்மதுளைக் கடைகளில்கூட இவ்வளவு சூடாகத் தருவதில்லை. தண்ணீர் நன்றாகக் கொதித்திருக்கிறது. ஒரு வாய் குடித்ததும் தெரிந்துவிட்டது. கொதிக்காத தண்ணீரைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். அதற்காகத்தானே ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்திருக்கிறீர்கள்.

என் பெயர் பவுல். தோட்டத்து றப்பர் ஸ்டோரில் இருபது வருடம் பால் வடித்தவன். மரம் சீவும் வெட்டுக்காரர்கள் கொண்டுவரும் பாலைச் சல்லடையில் ஊற்றி, பட்டையையும் தூசியையும் பிடிக்க வேண்டும். அந்த இருபது வருடத்தில் ஒருவரும் என்னிடம் "ங்க" போட்டுப் பேசியதில்லை. "ஏய் பவுலு" என்பதுதான் என் முழுப் பெயர்.

தொழிலாளர் வரிசை வீடுகளான மேல் லயத்துக்குத் தண்ணீர் தரும் ஓடை, மாணிக்கக் குழிகளைத் தாண்டி வருகிறது. குழிக்காரர்கள் கல்லைத் தாங்கள் வைத்துக்கொண்டு, கழுவிய சேற்றை எங்களுக்கு அனுப்பிவிடுவார்கள். தாராள மனசு. போன வருடம் பல்கலைக்கழகத்திலிருந்து மர்லியா மிஸ் என்ற இன்ஜினியர் வந்து ஒரு மெஷின் வைத்தார். உள்ளே காகிதம் மாதிரி ஒரு சவ்வு. அதில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள். சும்மா விட்டால் அரை நாளில் சேறு அப்பி அடைத்துவிடும். அதனால் இரண்டு பக்கமும் உலோகத் தகடு வைத்து மெல்லிய கரண்ட் கொடுத்தார். சேற்றுத் துகளுக்கும் கிருமிக்கும் மைனஸ் மின்னேற்றமாம். சவ்வுப் பக்கத்துத் தகடும் மைனஸ், ஆகவே அவற்றைத் தள்ளிவிடும். எதிர்ப்பக்கத் தகடு இழுத்துக்கொள்ளும். சவ்வு அடைபடாமல் தண்ணீர் இறங்கும்.

பால் வடிக்கத் தெரிந்தவனுக்குத் தண்ணீர் வடிக்க வராதா என்று தோட்டத்துத் தொர சாவியை என்னிடம் கொடுத்தார். மர்லியா மிஸ் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"பவுல், கரண்ட் அழுக்கத் தள்ளி வைக்கத்தான். புடிக்கிறது சவ்வு. இந்த பிரஷர் மீட்டர் முள்ளு திடீர்னு கீழ விழுந்தா சவ்வு கிழிஞ்சிருக்குன்னு அர்த்தம். ஒடனே குழாயப் பூட்டிட்டு எனக்கு டெலிபோன் கோல் எடுங்க."

அவர் "எடுங்க" என்றதைத்தான் நான் முக்கியமாகக் கவனித்தேன்.

ஒரே மாதத்தில் பவுலு, பவுல் அண்ணன் ஆனான். சொன்னால் வெட்கம், அந்த நாட்களில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். கரண்ட் தண்ணி என்று அதற்குப் பெயர் வந்தது. இருளப்பன் அண்ணன் அதை முழங்காலில் தடவி, வலி போய்விட்டது என்றார். நான் மறுக்கவில்லை. குழாய்க்கு மேலே என் கையாலேயே போர்டு எழுதினேன்: "இந்தத் தண்ணீரைக் கொதிக்கவைக்கத் தேவையில்லை." கொதிக்கவைத்தால் கரண்ட்டின் சக்தி போய்விடும் என்றும் சொல்லிவைத்தேன். விறகெல்லாம் ஈரமாக இருந்த காலம்; சனம் ஆனந்தமாக நம்பியது.

சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை முள் கீழே விழுந்து கிடந்தது. தண்ணீர் வழக்கத்தைவிட வேகமாக வந்தது. சல்லடை கிழிந்தால் பால் வேகமாக இறங்கும் என்பது ஸ்டோர் கூட்டுகிற ஆளுக்கும் தெரியும். திறந்து பார்த்தேன். சுண்டுவிரல் நீளத்துக்குக் கிழிசல். கரண்ட் பாவம், தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. முடிந்தவரை சேற்றைத் தள்ளிவைத்ததால் தண்ணீர் இலேசாகத்தான் கலங்கியது.

இன்னும் பதினைந்து நாளில் மெஷினைப் பார்க்க வெளியூர் ஆட்கள் வருவதாக இருந்தது. எனக்கு மாலை போட ஏற்பாடு. குழாயைப் பூட்டினால் மாலை இல்லை. மறுபடியும் "ஏய் பவுலு". ஆகவே கிழிசலில் றப்பர் பால் தடவிக் காயவிட்டு மூடினேன். எனக்குத் தெரிந்த தொழில் அதுதானே. முள் எழும்பவில்லை. நானும் அதன் பிறகு அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் மேல் லயத்தின் பன்னிரண்டு காம்பறாவில் பதினொன்றில் வயிற்றோட்டம். என் காம்பறா கீழ் லயத்தில். எங்களுக்கு ஊற்றுத் தண்ணீர். திங்கட்கிழமை சுகாதாரப் பரிசோதகர் பீ.எச்.ஐ. மாத்தயா விசாரிக்க வருகிறார் என்றார்கள். அந்தச் செவ்வாய்க்கு முந்திய ஞாயிறு கோயிலில் அன்னதானம் நடந்திருந்தது, பழியை அதன் மேல் போடலாம் என்றிருந்தேன். பன்னிரண்டாவது காம்பறாதான் இடித்தது. அதில் இருந்த கலைச்செல்வியும் அவளுடைய நாலு வயது மகள் சசியும் அதே சோற்றைச் சாப்பிட்டுவிட்டுக் கல்லுப்போல் இருந்தார்கள். அவள் மட்டும் இன்னும் தண்ணீரைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வீடு மட்டும் சுகமாக இருந்தால், அங்கே என்ன வித்தியாசம் என்றுதான் எந்த பீ.எச்.ஐ.யும் முதலில் கேட்பார்.

மெஷினைச் சரிசெய்யலாம், அல்லது வித்தியாசத்தைச் சரிசெய்யலாம். இரண்டாவது சுலபமாக இருந்தது.

சனிக்கிழமை காலை, பத்துப் பேர் பார்க்க அவள் வாசலுக்குப் போனேன். கையில் பூப்போட்ட கிளாஸ், அதில் குழாய்த் தண்ணீர்.

"ஏன் கலைச்செல்வி, லயமே குடிக்கிற தண்ணி ஒனக்கு மட்டும் ஆகாதா? என்னய நம்பலயா?"

"அப்பிடி இல்லீங்க அண்ணே. புள்ளைக்கு மொதல்லருந்தே வயித்துக் கோளாறு. அந்தப் பயத்துலதான் கொதிக்க வைக்கிறேன்."

"எல்லாருக்கும் நோவு, இவ வீட்டுல மட்டும் ஒண்ணுமில்ல. அது எப்பிடியாம்?" என்றாள் பக்கத்துக் காம்பறா தெரேசம்மா. நான் சொல்லிக்கொடுத்ததல்ல. படுத்துக் கிடந்தவர்களுக்கு, நடமாடுகிறவர்கள் மேல் இயல்பாகவே ஒரு வருத்தம் இருக்கும்.

கலைச்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். நான் குந்தி, கிளாஸை சசியிடம் நீட்டினேன். பிள்ளை அம்மாவைப் பார்த்தது.

"குடிம்மா. மாமா குடுக்குறாருல்ல" என்றாள் கலைச்செல்வி.

சசி கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, கிளாஸில் இருந்த பூவை விரலால் தொட்டுப் பார்த்தாள். அன்றே கலைச்செல்வி தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள்.

திங்கட்கிழமை பன்னிரண்டு காம்பறாவும் சமம். பீ.எச்.ஐ. தண்ணீரிலும் ஒரு போத்தல் கேட்டார். நானே நிரப்பிக் கொடுத்தேன், நன்றாகக் கொதித்து ஆறிய தண்ணீர். அவர் அன்னதானத்தை எழுதிக்கொண்டு போனார். அதற்குச் சமைத்த இருளப்பன் அண்ணனோடு லயத்தில் யாரும் பேசவில்லை. புதன்கிழமை சசி இறந்துவிட்டாள். சின்னப் பெட்டி. முன்பக்கம் பிடித்தது நான்தான். துக்க வீட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் நிரப்பியதும் நான்தான், அதே குழாயிலிருந்து. அழவும் செய்தேன், யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

செய்தி கேட்டு மர்லியா மிஸ் வந்து மெஷினைத் திறந்தார். றப்பர் பால் ஒட்டு உரிந்து தொங்கியது. "பவுல், அப்ப ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார். அதற்கு மேல் என்னிடம் பேசவில்லை. உங்களிடம்தான் பேசியிருக்கிறார்.

எழுதிக்கொள்ளுங்கள். கிழிசல் எனக்குத் தெரியும். அதன் வழியாக என்ன இறங்குகிறது என்பதும் தெரியும். தெரிந்துதான் அந்தப் பிள்ளைக்குக் கொடுத்தேன். சாக வேண்டும் என்று கொடுக்கவில்லை, மற்றவர்களைப் போல ஆக வேண்டும் என்றுதான் கொடுத்தேன். எல்லோரும் சமம் என்று மே தினத்துக்கு மே தினம் மேடையில் சொல்கிறார்களே.

ஒன்றை மட்டும் நீங்கள் காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். தண்ணீர் நல்லது என்று காட்டத்தான் போனேன் என்றால், பிள்ளையிடம் நீட்டுவதற்கு முன் நான் ஏன் ஒரு வாய் குடித்துக் காட்டவில்லை என்று. இதில் என்ன மர்மம் இருக்கிறது, மாத்தயா. எனக்கு அப்போது தாகம் இருக்கவில்லை.